பாக்கி இல்லை

பதினொரு கையெழுத்து வேண்டும்
இந்த மலையை விட்டு நான் இறங்க.
நூலகம், மெஸ், கணக்குப் பிரிவு,
கேஸ் சிலிண்டர், சாவி.
கேட் வாட்ச்மேனுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது அந்தத் தாளில்.
இருபத்தேழு வருஷம் சிக் ரூமில் இருந்தவள்
என்ன எடுத்துப் போகக்கூடும் என்று
ஒவ்வொரு மேஜையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கிறது.

ஸ்டோர் சவரிநாதன் பழைய பேரேட்டைப் புரட்டுகிறார்.
தெர்மாமீட்டர் ஆறு, சரி.
இடுக்கி, சரி. எடை மெஷின், சரி.
வெந்நீர்ப் பை எட்டு.
எண்ணினால் ஏழு.
எச்சில் தொட்டு மறுபடி பக்கத்தைப் புரட்டுகிறார்,
பேரேடு மனசு மாறியிருக்குமோ என்று.

எட்டாவது எங்கே என்று எனக்குத் தெரியும்.
வந்த முதல் டிசம்பர், ஏரிக்கரைப் புல் வெளுத்து நொறுங்கியது.
தைப்பிங்கில் பிறந்த உடம்பு இது,
மழை தெரியும், குளிர் தெரியாது.
ஒரு ராத்திரிக்கு என்றுதான் எடுத்துப் போனேன் குவார்ட்டர்ஸுக்கு.
அந்த ராத்திரி இன்னும் விடியவில்லை.
வாஷர் மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

அப்போதெல்லாம் மெஸ்ஸில் எல்லோரையும்
பசியாறியாச்சா என்று கேட்பேன்.
ஆயா ஞானசௌந்தரி வாய் பொத்திச் சிரிப்பாள்:
'மடத்துல அன்னதானம் போடுறாப்பல கேக்குறீங்க சிஸ்டர்.'
பிறகு நானும் 'சாப்டாச்சா'வுக்கு மாறிவிட்டேன்.
எந்த வருஷம் என்று தெரியவில்லை.
சில காய்ச்சல் இறங்கிய நேரத்தை
யாரும் சார்ட்டில் குறித்து வைப்பதில்லை.

போன வாரம் தம்பி குணசீலன் போனில்,
'அக்கா, பசியாறியாச்சா?'
ஒரு நொடி
என்ன கேட்கிறான் என்று புரியவில்லை எனக்கு.

பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து
ஏர்கோன் மாட்டியிருக்கிறானாம்.
நடுவில் நாலு தடவை போயிருக்கிறேன்,
நல்ல பீங்கான் தட்டு எடுத்து வைப்பார்கள்.
இனி எந்தத் தட்டோ.

பதினொரு வயசுப் பிள்ளைகள் ராத்திரி எட்டு மணிக்கு
வாசலில் வந்து நிற்பார்கள், முதல் டெர்மில் தினம் ஒருவராவது.
வயிறு வலிக்குது சிஸ்டர்.
எங்கே, காட்டு, என்றால் கை நெஞ்சுக்குப் போகும்.
குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பேன்.
ரெஜிஸ்டரில் வயிறு என்றே எழுதுவேன்,
அவர்கள் சொன்னது சொன்னபடி.

'சவரி, எட்டாவது என் கட்டிலில் இருக்கு.'
அவர் நிமிரவில்லை.
சிவப்பு மையில் எழுதுகிறார்:
ஓட்டை. கழிக்கப்பட்டது.
'அங்கெல்லாம் குளிராதே,' என்கிறேன்.
'கழிச்சதை ஸ்டோர்ல வாங்க முடியாது சிஸ்டர்,
அதுக்கு வேற ஃபாரம்.'
வெளியே வந்து படியில் கொஞ்சம் உட்கார்ந்தேன்.
என்ன ஆச்சு என்றாள் ஞானசௌந்தரி.
வயிறு, என்றேன்.

ராத்திரி, கடைசியாக எடை மெஷின்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் தொண்ணூற்றொன்று.
இறக்கிவிட்டு ஏறினால் ஐம்பத்தெட்டு.
டிக்கெட்டில் முப்பதுதான்.
தம்பி பெண்டாட்டி கேட்ட மலைப்பூண்டு இரண்டு கிலோ,
அதைத் தொட முடியாது.
ஸ்வெட்டர்களை வெளியே எடுக்கிறேன்,
நீலத்தை மறுபடி உள்ளே வைக்கிறேன்,
மறுபடி ஏறுகிறேன்.
ஜன்னலுக்கு அப்பால் பிளம்ஸ் மரத்தடியில்
காட்டுமாடு ஒன்று மூச்சு விடுகிறது,
மூட்டை தூக்கி வந்த ஆள் மாதிரி.

பத்துக் கையெழுத்து ஆகிவிட்டது.
பதினொன்றாவது கட்டம் என்னுடையது:
நிர்வாகம் எனக்கு எதுவும் பாக்கி வைக்கவில்லை
என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.
பேனா இருக்கிறது. மேஜை இருக்கிறது.
நாளைக்குப் பார்க்கலாம்,
அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது,
இன்னும் நாலு ராத்திரி இருக்கிறது.